மேரியின் ஜன்னலில் நிலா, என் மேசையில் ஒரு ஜாடி மண்

இரவு பத்தரை. இந்தக் கட்டடத்தில் என் அறையில் மட்டும்தான் விளக்கு எரிகிறது. வாருங்கள், உள்ளே வாருங்கள்! பார்த்துக் கால் வையுங்கள், தரையெல்லாம் கட்டம் போட்ட தாள்களைப் பரப்பி வைத்திருக்கிறேன். மேசைமேல் இருப்பதைப் பாருங்கள். ஒரு டார்ச் லைட். ஜன்னல் தட்டி மாதிரி வரிவரியாகக் கீறிய அட்டை. இருபது பென்சில். மேரி ஷெல்லி எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலின் இரண்டு வெவ்வேறு பதிப்புகள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு எழுதுவார்களே, அந்தக் கேஸ் ஷீட் ஒரு கட்டு. ஓரத்தில் ஒரு பழைய ஊறுகாய் ஜாடி. அதன் அடியில் செம்மண் படிந்திருக்கிறது, மேலே தெளிந்த தண்ணீர்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு செமஸ்டரின் முதல் வகுப்பு. பாடம் என்ன தெரியுமா? இலக்கியம்!

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் கல்லூரியில் இந்த வகுப்பை எடுக்கிறேன். இருபது பேர் வருவார்கள். அதில் இலக்கியத்தைப் பட்டப்படிப்பாக எடுத்தவர் ஒருவரோ இருவரோ இருந்தால் அதிகம். மற்றவர்கள் நர்சிங், சிவில் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர், கணிதம், உயிரியல், மண்ணியல், அக்கவுண்டிங். இத்தனை பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பதினைந்து வாரம் ஒரே புத்தகங்களைப் படிக்கப்போகிறோம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பட்டாசுப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கும் குழந்தை மாதிரி, நானும் இந்தப் பொருள்களை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இன்றைக்கு நீங்களும் வந்துவிட்டீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டாமல் விடப்போவதில்லை!

நூற்றுக்கு நூறு வாங்கியவர்களின் பயம்

பொருள்களுக்கு முன்னால் அவற்றைத் தொடப்போகும் கைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஆனர்ஸ் என்ற இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் ஒரு அழகான பூர்வ கதை உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்வார்த்மோர் என்று ஒரு சிறிய கல்லூரி. 1921-ல் அதன் தலைவராக வந்தவர் ஃபிராங்க் எய்டலாட். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் படிக்கும் முறையை அங்கே பார்த்துவிட்டு வந்திருந்தார். 1922-ல் ஸ்வார்த்மோரில் ஆனர்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். நாலைந்து பேர் கூடும் செமினார், நிறைய வாசிப்பு, கடைசியில் ஒரு தேர்வு. அந்தத் தேர்வை நடத்துவது பாடம் எடுத்தவர் இல்லை, வெளியிலிருந்து வரும் தேர்வாளர்! இன்றும் அங்கே அப்படித்தான். இந்த ஒரு மாற்றம் என்ன செய்துவிட்டது, பாருங்கள். மார்க் போடும் கை ஆசிரியருடையது இல்லை என்றானதும், ஆசிரியர் மேசையைச் சுற்றி வந்து மாணவர் பக்கம் உட்கார்ந்துவிட்டார். இருவரும் சேர்ந்து புத்தகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எங்கள் கல்லூரியில் வெளித்தேர்வாளர் கிடையாது. ஆனால் அந்த உட்காரும் இடத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற பிள்ளைகள் பள்ளியில் எப்போதும் முதல் வரிசை. சரியான பதிலைத் தவிர வேறெதையும் சொல்லிப் பழகாதவர்கள். அவர்களிடம் ஒரு கவிதையைக் கொடுத்தால் முகம் வெளுத்துவிடும். “புரொஃபசர், இதில் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?” என்பார்கள். கணக்கில் புலி, கவிதை முன்னால் கைகட்டி நிற்கும்! அந்தப் பயத்தைப் பார்த்தால் எனக்கு மனசு இளகிவிடும். அவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். கூர்ந்து பார்க்கும் வித்தை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நர்சிங் மாணவி நோயாளியின் நகக்கண் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்துவிடுவாள். சிவில் படிக்கிற பையன் சுவரில் தலைமுடி அளவு விரிசல் விட்டிருந்தாலும் நின்றுவிடுவான். ஒரு சென்ட் குறைந்தால் அக்கவுண்டிங் படிக்கிறவருக்குத் தூக்கம் வராது. ஒரு பக்கத்தை வாசிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பார்க்கிற கண்ணை அந்தப் பக்கத்தின்மேல் திருப்பிவிட்டால் போதும். என் வேலை அவ்வளவுதான். அதற்காகத்தான் இத்தனை சாமான்!

வகுப்பில் இரண்டே விதி வைத்திருக்கிறேன். ஒரே துறைக்காரர்கள் அடுத்தடுத்து உட்காரக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு கேள்வியை அதில் எழுத வேண்டும், தனக்கு விடை தெரியாத கேள்வியாக. அதற்கு ‘தெரியாது நோட்டு’ என்று பெயர். முதல் வாரம் அந்த நோட்டில் எழுதக் கை வராது. பத்தாவது வாரம் பக்கம் போதாது!

டார்ச் லைட்டும் நிலாவும்

இப்போது டார்ச் லைட்டை எடுங்கள். இது மேரி ஷெல்லியின் நிலா.

1816 ஜூன் மாதம், ஜெனீவா ஏரிக்கரை. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய புகைமண்டலம் உலகின் வானிலையையே புரட்டிப்போட்டிருந்தது. ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. குளிர், ஓயாத மழை. கவிஞர் பைரன் தங்கியிருந்த வில்லா தியோதாத்தியில் நண்பர்கள் அடைந்து கிடந்தபோது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பைரன். மேரிக்கு அப்போது 18 வயது. நாள்கள் போயின, கதை வரவில்லை. ஒரு நாள் நள்ளிரவு தாண்டிப் படுத்தவருக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. மூடிய கண்ணுக்குள் அந்தக் காட்சி வந்தது. உயிரூட்டிய உருவத்தைக் கண்டு அதை ஆக்கியவனே நடுங்குகிறான். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தால் அறை, மூடிய ஜன்னல் தட்டி, அதன் இடுக்கில் நுழையப் பார்க்கும் நிலா வெளிச்சம். 1831 பதிப்பின் முன்னுரையில் மேரியே இதையெல்லாம் சொல்கிறார். ஆய்வாளர்களில் சிலர் நம்பவில்லை. பதினைந்து ஆண்டு கழித்துக் கட்டிய கதை என்றார்கள்.

அந்த நிலாவைப் பிடித்து விசாரித்தார் ஒருவர்! டெக்சஸ் மாநிலம் சான் மார்கோஸில் இருக்கும் டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் டொனால்ட் ஓல்சன். ஆனர்ஸ் மாணவர்களுக்கு அவர் எடுத்த பாடத்தின் பெயரைக் கேளுங்கள்: கலை, வரலாறு, இலக்கியத்தில் வானியல்! அவருடைய மனைவி மெரிலின் ஓல்சன் அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். 2010 ஆகஸ்டில் ஓல்சன் குழு ஜெனீவாவுக்கே போனது. ஜன்னலுக்கு எதிரே எழும் மலைச்சரிவை அளந்தது. நிலா அந்தச் சரிவைத் தாண்டி மேலே வந்தால்தானே வெளிச்சம் ஜன்னலைத் தொடும்? அது எந்த நாள், எந்த மணி என்று கணக்குப் போட்டார்கள். 1816 ஜூன் 16, அதிகாலை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்! அந்த நேரத்தில் தேய்பிறை நிலா சரிவைத் தாண்டி எழுந்து, மேரி சொன்னபடியே தட்டியில் விழுந்திருக்க வேண்டும். 2011-ல் இது வெளியானது. அதைப் படித்த அன்றைக்கு நான் நாற்காலியில் உட்காரவில்லை, அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னாள். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு கழித்து நிலாவே அவளுக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டது!

இதை வகுப்பில் எப்படிச் செய்வோம் என்பதுதான் வேடிக்கை. விளக்குகளை அணைப்போம். புத்தகங்களை அடுக்கி மலைச்சரிவு செய்வோம். அட்டைத் தட்டியை நிறுத்துவோம். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மெல்ல நகர்வார். சிவில் மாணவன் கோணம் கணக்கிடுவான். வெளிச்சக் கோடுகள் எதிர்ச்சுவரில் விழும் நொடியில் இருபது பேரும் ‘ஆ’ என்பார்கள். அடுத்த நிமிடமே யாராவது கேட்பார்கள்: “சரி புரொஃபசர், தேதி தெரிந்து என்ன பயன்?”

அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன். “முதல் பாகம், நான்காம் அத்தியாயம், படைப்பு நடக்கும் இரவு, மறுபடி வாசியுங்கள்” என்று மட்டும் சொல்வேன். தாள் புரளும் சத்தம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எங்கிருந்தோ ஒரு குரல்: “தட்டி!” ஆமாம், அங்கேயும் அதே நிலா! தான் படைத்த உருவத்தை நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் பார்ப்பது ஜன்னல் தட்டிக்குள் முண்டிக்கொண்டு நுழையும் மங்கல் நிலா வெளிச்சத்தில்தான். மேரியின் படுக்கையறை வெளிச்சம் அப்படியே நடந்துபோய் நாவலுக்குள் உட்கார்ந்துவிட்டது. இதை நானே சொல்லியிருந்தால் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களே கண்டுபிடித்ததால் மேசையைத் தட்டுகிறார்கள்!

இரண்டு பதிப்பு எதற்கு என்று கேட்கவில்லையே? 1818 ஜனவரி 1-ல் பெயர் போடாமல் 500 பிரதியாக வந்த முதல் வடிவம் நாவலை வாசிக்க. 1831 பதிப்பு அந்த முன்னுரைக்காக. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எழுத்தாளர் எதைத் திருத்தினார் என்று பார்க்கலாம். கம்ப்யூட்டர் மாணவர்களுக்கு இது ஒரே குஷி. பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிடுவது அவர்களின் அன்றாட வேலை!

எலெக்ட்ரிகல் படித்த மாணவன் ஒருவன் ஒரு முறை ராத்திரி முழுக்க நாவலைப் புரட்டிவிட்டுக் காலையில் வந்தான். “புரொஃபசர், மின்னலும் கம்பியும் எங்கே? உயிர் கொடுக்கிற இடத்தில் ஒரு பொறி என்றுதானே இருக்கிறது?” எவ்வளவு அருமையான வாசிப்பு! மின்னல் அடிக்கும் அந்த மேடையும் பெரிய இயந்திரங்களும் 1931-ல் வந்த சினிமா நம் தலைக்குள் நட்டுவைத்தவை. ஆனால் மேரியின் காலத்தில் மின்சாரப் பேச்சுக்குக் குறைவில்லை. 1803-ல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்ற கைதியின் உடலில் ஜியோவன்னி அல்தினி மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது, முஷ்டி உயர்ந்தது. அந்தக் கதையைச் சொன்னதும், புத்தகத்தில் ஏன் கம்பி இல்லை என்ற கேள்வி தெரியாது நோட்டில் ஏறியது. இன்னும் அங்கேயே இருக்கிறது. இருக்கட்டும்!

போகிற போக்கில் இன்னொன்று. இதே டெக்சஸ் குழு அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் ஒரு கவிதையில் வரும் விண்கல் ஊர்வலத்தையும் அடையாளம் கண்டது. அந்தக் குழுவில் ஆனர்ஸ் மாணவி ஒருவரும் இருந்தார்! ஃபிரெடெரிக் சர்ச் என்ற ஓவியர் 1860-ல் வரைந்த விண்கல் படம் துப்புக் கொடுத்தது. பழைய செய்தித்தாள்களில் அந்த இரவின் செய்திகள் கிடைத்தன. 1860 ஜூலை 20 என்று தேதி நின்றது. கவிதை, ஓவியம், செய்தித்தாள், வானியல், நான்கும் ஒரே இரவில் சந்திக்கின்றன. என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அடுத்த வாரமே ஆளுக்கொரு ஓவியத்தோடு வந்து நிற்பார்கள்.

பெயர் எழுத இடம், எழுதப் பெயர் இல்லை

கேஸ் ஷீட்டுக் கட்டு நர்சிங் மாணவி ஒருத்தியின் யோசனை. ஃபிராங்கன்ஸ்டைன் படைத்த உயிர் முதல் இரவு எங்கள் வார்டுக்கு வந்தால் என்ன எழுதுவோம் என்று கேட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை, நிரப்பியே வந்துவிட்டாள்.

பெயர் என்ற இடம் காலி, நாவலில் அதற்குப் பெயர் கிடையாது. வயது: பிறந்து சில மணி நேரம். உயரம்: எட்டு அடி. பொறுப்பு மருத்துவர்: அறையை விட்டு ஓடிவிட்டார். உபாதைகள்: வெளிச்சம் தாங்காத கண், பசி, தாகம், குளிர். இந்த உபாதை எல்லாம் அந்த உயிரே பின்னால் தன் கதையைச் சொல்லும் அத்தியாயத்தில் இருக்கிறது, ஒன்றுகூட அவள் கற்பனை இல்லை. இருபது பேரும் பயங்கரக் கதை என்று வாசித்த நாவல், அந்த ஒரு தாளில் கைவிடப்பட்ட பச்சைக்குழந்தையின் கதையாக மாறிவிட்டது.

அவளுக்கு ரீட்டா ஷரோனைப் பற்றிச் சொன்னேன். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து மருத்துவர். வைத்தியம் பார்த்துக்கொண்டே ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், கதை வழி மருத்துவம் என்ற துறையையே வளர்த்தவர். 1993-ல் தன் மருத்துவ மாணவர்களிடம் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் எழுதச் சொன்னார். இந்த நோயாளி இறந்துபோன என் தாத்தாவை ஞாபகப்படுத்துகிறார் என்று ஆஸ்பத்திரி ஷீட்டில் எழுத முடியாது. ஆனால் எங்காவது எழுதித்தானே ஆக வேண்டும்? அதற்கான தாள் அது.

அடுத்த வகுப்புக்கு அந்தப் பெண் இரண்டாவது தாளோடு வந்தாள். அந்த உயிர் முதன்முதலாகச் சந்தோஷப்பட்ட நொடியைக் கண்டுபிடித்திருந்தாள். குளிரில் நடுங்கி அழுதுகொண்டிருந்தபோது மரங்களுக்கு நடுவே ஏதோ ஒளி எழுகிறது. அது நிலா. நிலா என்ற பெயர்கூட அதற்குத் தெரியாது. படைத்தவன் அதே நிலா வெளிச்சத்தில் அதைப் பார்த்து ஓடினான். படைக்கப்பட்டது அந்த நிலாவைப் பார்த்து முதல் தடவை மகிழ்ந்தது. இதைத் தாளில் வாசித்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். யாரும் பேசவில்லை. டார்ச் பிடித்த பையன் மெதுவாக, “அப்படியானால் மூன்று நிலா” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷமாக வாசிக்கிறேன், இந்த மூன்றையும் ஒரு கயிற்றில் கோக்க எனக்குத் தோன்றியதில்லை!

இருபது பேர், இருபதாயிரம் எழுத்து

தரையில் கிடக்கும் தாள்களுக்கு வருவோம். ஆளுக்குப் பத்துக் கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் பத்துக்குப் பத்தாக நூறு எழுத்து. மொத்தம் இருநூறு கட்டம், 20,000 எழுத்து. இடைவெளியையும் நிறுத்தக்குறியையும் எடுத்துவிட்டு நாவலின் தொடக்கத்தை இப்படி அடுக்கியிருக்கிறேன். ஏன் 20,000 என்றால், ஒரு மனிதர் அத்தனையையும் தனியாக உட்கார்ந்து எண்ணினார்!

ஆந்த்ரேய் மார்க்கோவ், ரஷ்யக் கணித மேதை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நிகழ்ந்தால்தான் சராசரி ஒரு நிலைக்கு வரும் என்று பாவெல் நெக்ராசோவ் என்பவர் வாதிட்டார். அதிலிருந்து மனிதனின் சுதந்திர விருப்பம் வரைக்கும் போனார். மார்க்கோவுக்கு அது பொறுக்கவில்லை. முன்னால் வந்தது பின்னால் வருவதைத் தொட்டாலும் சராசரி நிலைக்கும் என்று நிரூபிக்க, அவர் எடுத்துக்கொண்டது என்ன? புஷ்கினின் கவிதை நாவல் ‘யெவ்கேனி ஒனேகின்’! அதன் முதல் 20,000 எழுத்தை நூறு நூறாகக் கட்டத்தில் எழுதி, உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று கையால் எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. உயிருக்கு அடுத்து மறுபடி உயிர் வந்தது நூற்றுக்கு 13 தடவை. மெய்யை அடுத்து உயிர் வந்தது நூற்றுக்கு 66 தடவை. 1913-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதை வாசித்துக் காட்டினார். மார்க்கோவ் சங்கிலி என்று இன்று உலகமே சொல்வது இதைத்தான். 1948-ல் கிளாட் ஷானன் தகவல் கோட்பாட்டை எழுதியபோது இதை எடுத்துக்கொண்டார். உங்கள் போன் அடுத்த சொல்லை ஊகித்து நீட்டுகிறதே, அதன் கொள்ளுத்தாத்தா புஷ்கினின் கவிதைக்கு மேல் குனிந்து உட்கார்ந்திருந்தவர்!

வகுப்பில் பென்சில் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் சண்டை தொடங்கும். ஆங்கில எழுத்து ‘ஒய்’ உயிரா, மெய்யா? கம்ப்யூட்டர் பையனுக்கு ஒரு விதி வேண்டும், உடனே வேண்டும். மொழியியல் பெண், சொல்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பாள். முக்கால் மணி நேரம்! மார்க்கோவும் ரஷ்ய மொழியின் இரண்டு ஓசையில்லாத குறிகளை விலக்கிவிட்டே எண்ணினார் என்று சொன்னால்தான் ஓய்வார்கள். எதை எண்ணுவது என்று தீர்மானிப்பதே வாசிப்பு என்பது அந்தச் சண்டையில் தானாகப் புரிந்துவிடும்.

நூற்றுக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே உயிர் வந்து நின்றதும், என் முறை. ஒயிட்போர்டில் ‘அ’ என்று எழுதுவேன், ‘க்’ என்று எழுதுவேன். “என் மொழியில் இதற்கு உயிர் என்று பெயர், இதற்கு மெய், அதாவது உடம்பு. உடம்பு தனியாக நின்றால் தலையில் ஒரு புள்ளி. உயிர் ஏறினதும் புள்ளி போய்விடும்” என்று சொல்லி ‘க’ என்று எழுதுவேன். பன்னிரண்டு உயிர், பதினெட்டு உடம்பு, கூடினால் 216. ஒரு நொடி யாருக்கும் மூச்சே வராது. பிறகு உயிரியல் மாணவி ஒருத்தி ஃபிராங்கன்ஸ்டைன் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: “விக்டருக்கு இந்த இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும்!” அன்றைக்கு வகுப்பு முடிந்தும் யாரும் போகவில்லை. இருபது பேரும் தங்கள் பெயரைத் தமிழில் எழுதி, எத்தனை உயிர், எத்தனை உடம்பு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்!

ஜாடி

கடைசியாக இந்த ஜாடி. ஆட்டாதீர்கள், ஆட்டாதீர்கள்! இதை மெதுவாகச் சொல்ல வேண்டும்.

1962-ல் ஏ.கே. ராமானுஜன் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்திருந்தார். மைசூரில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஆனால் பழந்தமிழ் கற்றவரில்லை. ஒரு சனிக்கிழமை, எளிய பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்கு இறங்கினார். அங்கே அவர் கையில் அகப்பட்டது உ.வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை! அதிலிருந்து அவர் ஆங்கிலத்தில் ஆக்கிய கவிதைகள் 1967-ல் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்ற நூலாக வந்தன. அந்த நூல் வழியாகத்தான் குறுந்தொகையின் 40-ஆம் பாட்டு என் மாணவர்களுக்கு வருகிறது. உங்களுக்குத் தெரியாத பாட்டா! யாரோ எவரோவாக இருந்த இருவரின் நெஞ்சு, செம்மண்ணில் விழுந்த மழைபோல ஒன்றானது. பாடியவர் பெயர் காலத்தில் தொலைந்து, உவமையே பெயராகி, செம்புலப்பெயனீரார் என்று நிற்கிறார்.

எனக்கு இது பள்ளி நாளிலிருந்து மனப்பாடம். இதில் எனக்குப் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்றுதான் போன வருஷமும் வகுப்புக்குப் போனேன்.

மண்ணியல் மாணவி ஒருத்தி இந்த ஜாடியோடு வந்தாள். செம்மண்ணும் தண்ணீரும் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கி மேசைமேல் வைத்தாள். ஜாடி முழுக்கச் சிவப்பு. “பாருங்கள், ஒன்றாகிவிட்டது. இப்போது காத்திருப்போம்” என்றாள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் இறங்கிவிட்டது. வகுப்பு முடிவதற்குள் அதற்கு மேலே வண்டல் படியத் தொடங்கியது. சிவப்பு மட்டும் மேலேயே நின்றது. “இது களி. ஒரு துகள் 2 மைக்ரோமீட்டருக்கும் சின்னது. சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு, துகளின்மேல் பூச்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். நாள் கணக்கில் மிதக்கும். ஆனாலும் புரொஃபசர், அசையாமல் விட்டால் இதுவும் ஒரு நாள் படிந்துவிடும். தண்ணீர் தெளிந்துவிடும். ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டால் சீக்கிரமே பிரிந்துவிடும். கவிஞருக்கு இது தெரியாதா?”

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. கவிஞர் தப்புச் செய்துவிட்டார் என்றது ஒரு பக்கம். மழை ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தைத்தான் பாடுகிறார், ஓடுகிற நீரில் எது படியும் என்றான் சிவில் மாணவன். எத்தனை நாளில் தெளியும், எண்ணிக்கை சொல் என்றாள் அக்கவுண்டிங் பெண். நர்சிங் மாணவி மட்டும் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அந்தப் பெண் இதைக் கேட்டு என்ன பதில் சொன்னாள்? அவளுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்குமே. பிரிந்துபோய்விடுவானோ என்று?”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது!

ஏனென்றால் அந்தப் பாட்டின் கீழே பழைய குறிப்பு ஒன்று உண்டு, யார் யாரிடம் எப்போது சொன்னது என்று. ராமானுஜனின் ஆங்கில வரிகளை மட்டும் வாசித்த அந்தப் பெண்ணுக்கு அதை நான் சொல்லியிருக்கவில்லை. தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகத்தில் அந்த அச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலைவன் இதைச் சொல்கிறான். அந்தக் குறிப்பைப் பரீட்சைக்காக நான் மனப்பாடமே செய்திருக்கிறேன், இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இந்தப் பாட்டை எப்போதும் ஒரு வெற்றிக் களிப்பாகவே வாசித்துவந்தேன். அதற்குள் ஒரு பெண்ணின் பயம் ஈரமாக இருப்பதை எனக்குக் காட்டியது ஒரு ஊறுகாய் ஜாடி! மண்ணியல் மாணவி கேட்டது கவிஞரின் பிழையை இல்லை. தலைவி கேட்காமல் முகத்தில் மட்டும் காட்டிய கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்டாள். நின்ற நீரில் எல்லாம் பிரியும் என்று தலைவிக்குத் தெரியும், தலைவனுக்கும் தெரியும். அதனால்தான் அவன் பெய்துகொண்டிருக்கிற மழையைச் சொல்கிறான்.

குறிப்பைப் போர்டில் தமிழில் எழுதி, பொருள் சொன்னேன். மண்ணியல் மாணவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் தெரியாது நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள். செமஸ்டர் முடிவில் நோட்டுகளைத் திரட்டும்போது பார்த்தேன். ஒன்றாகச் சேர்ந்ததைச் சேர்ந்தபடி வைத்திருக்க எவ்வளவு அசைவு வேண்டும் என்று கேட்டிருந்தாள். அவளுடைய இறுதி ஆண்டு ஆய்வேடு மண் அரிப்பைப் பற்றியது. அதன் முதல் பக்கத்தில் குறுந்தொகைப் பாட்டின் எண் இருக்கிறது!

நாளைக் காலை ஒன்பது மணி

நேரம் பார்த்தீர்களா? பன்னிரண்டு ஆகப்போகிறது. பையைக் கட்ட வேண்டும்.

டார்ச், அட்டை, பென்சில், கேஸ் ஷீட், கட்டத் தாள் எல்லாம் பைக்குள் போகட்டும். அதனதன் வாரம் வரும்வரை அவை வெளியே வராது. நாளைக்கு இந்த ஜாடி ஒன்றுதான் மேசைமேல். போன வருஷம் வைத்தது வைத்தபடி, யாரும் தொடாமல் இருந்திருக்கிறது. பாருங்கள், மணல், வண்டல், களி மூன்றும் அடுக்காக இறங்கி, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. அந்தப் பெண் சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறது.

இருபது புது முகம் உள்ளே வரும். சரியான பதில் என்ன என்று என் முகத்தைப் பார்க்கும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஜாடியை மேசை நடுவில் வைத்துவிட்டு அவர்கள் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன். அதைத் தூக்கிக் குலுக்க யார் கை முதலில் நீளும்? நர்சிங்கா, கணிதமா, அக்கவுண்டிங்கா? எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் ஒன்பது மணிக்குப் போகிறேன்.